கணக்கில் வராத ஆட்டங்கள்

நியூயார்க் மாநிலத்தின் மேல்பகுதியில் இருக்கும் சிராக்யூஸில் நவம்பர் பிறந்துவிட்டால் பேசுவதற்கு இரண்டே விஷயங்கள்தான்: பனி, பேஸ்கட்பால். அந்த ஊருக்கென்று ஒரு என்.பி.ஏ. அணி இருந்தது. 1963-ல் அது ஃபிலடெல்ஃபியாவுக்கு மூட்டை கட்டியது. அன்றிலிருந்து ஊருக்கு இருப்பது பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு ஜெர்ஸி மட்டும்தான். அமெரிக்கக் கால்பந்துக்காகக் கட்டிய பிரம்மாண்டமான டோம் அரங்கத்தில், மைதானத்தின் ஒரு கோடியில் மரத்தளம் விரித்து பேஸ்கட்பால் ஆடுவார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேலும் வந்து உட்கார்ந்ததுண்டு.

2009 நவம்பர் 3 அன்று அங்கே நடந்தது ஒரு ஒப்புக்கான ஆட்டம். சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எதிரணி லெமோய்ன், அதே ஊரில் கூப்பிடு தூரத்தில் ஏசு சபையினர் நடத்தும் சின்னக் கல்லூரி. சிராக்யூஸ் ஆடுவது முதல் டிவிஷன், லெமோய்ன் அப்போது ஆடியது இரண்டாம் டிவிஷன். சீசனுக்கு முன்னால் கை காலை உதறிக்கொள்ள இப்படி ஒரு சின்ன அணியை அழைத்து, முப்பது நாற்பது பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்து, கைகுலுக்கி அனுப்பிவைப்பதுதான் வழக்கம். அன்று வழக்கம் தவறியது. கடைசி நொடிகளில் லெமோய்ன் வீரர் ஒருவர் வீசிய மூன்று பாயின்ட் ஷாட் வளையத்துக்குள் இறங்க, முடிவு 82-79. பெரிய வீடு தோற்றது.

ரசிகர்களுக்கு இதன் பொருள் விளங்க நேரம் பிடிக்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் கனெக்டிகட்டை ஆறு ஓவர்டைம் ஆடி 127-117 என்று சாய்த்த அணிதான் இது. ஆனால் அந்த இரவின் நாயகர்களில் ஜானி ஃப்ளின் என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். எரிக் டெவன்டார்ஃபும் பால் ஹாரிஸும் இல்லை. சீசனுக்கு முந்தைய தரவரிசையில் முதல் 25 இடங்களுக்குள் சிராக்யூஸின் பெயரே காணோம். இப்போது இரண்டாம் டிவிஷன் கல்லூரியிடமும் அடி. இந்த வருஷம் அவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதினேழு நாள் கழித்து, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நடப்பு தேசிய சாம்பியனான நார்த் கரோலினாவை அதே அணி 87-71 என்று வென்றது. அதற்கு முந்தைய நாள் கலிஃபோர்னியாவை 95-73. தொடர்ச்சியாக 13 வெற்றி. பிப்ரவரி 27-ல் வில்லனோவாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டோமில் கூடியவர்கள் 34,616 பேர். கல்லூரி வளாக அரங்கம் ஒன்றில் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. அந்த வெற்றிக்குப் பின் தேசியத் தரவரிசையில் முதலிடம். சீசன் முடிவில் 30 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் லெமோய்ன் இல்லை. பயிற்சி ஆட்டம் கணக்கில் வராது.

"பயிற்சி ஆட்டத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது" என்ற பாடத்துக்கு இந்தக் கதையை உதாரணமாகச் சொல்வார்கள். அந்தப் பாடம் தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. அன்று ஒருவர் அந்த ஆட்டத்தைச் சரியாகவே படித்தார். அவர் சிராக்யூஸ் கோச் ஜிம் போஹைம். அவர் பார்த்தது ஸ்கோரை அல்ல, தன் அணியின் டிஃபென்ஸை.

அன்று என்ன நடந்தது என்பது புரிய, இரண்டு வகை டிஃபென்ஸைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நம் பள்ளி மைதானங்களில் ஆடியவர்களுக்கு இரண்டு பெயரும் பழக்கம்தான்: மேன்-டு-மேன், ஜோன். மேன்-டு-மேனில் ஆளுக்கு ஆள். உன் ஆள் எங்கே போகிறானோ அங்கே நீ. ஜோனில் ஆளைப் பிடிப்பதில்லை, இடத்தைப் பிடிப்பது. ஊர்க்காவல் மாதிரி: வந்தவன் யார் என்பது கேள்வியல்ல, எந்தத் தெருவுக்குள் வந்தான் என்பதுதான் கேள்வி, அந்தத் தெருக்காரன் பார்த்துக்கொள்வான். போஹைம் ஆடியது 2-3 ஜோன். முன்னால் இருவர், வளையத்தை ஒட்டிப் பின்னால் மூவர். ஐவரும் நெடியவர்கள், கை நீண்டவர்கள். பந்து நகரும்போது ஐவரும் சேர்ந்து நகர்வார்கள். உள்ளே பாஸ் கொடுக்க இடைவெளி தெரியும். கொடுத்தால் எங்கிருந்தோ ஒரு கை வந்து தட்டிவிடும்.

இதற்கு ஓட்டைகளும் உண்டு. ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில், முன்னவர் இருவருக்கும் பின்னவர் மூவருக்கும் இடையே ஒரு வெற்றிடம். அங்கே நிதானமான ஒரு ஆள் பந்தை வாங்கிவிட்டால் ஜோன் கலைந்துவிடும். இரண்டு மூலைகளிலும் மூன்று பாயின்ட் ஷாட்டுக்கு இடம் கிடைக்கும். ரீபவுண்டிலும் தொல்லை. மேன்-டு-மேனில் ஷாட் பறந்ததும் அவரவர் ஆளை முதுகால் தடுத்து நிறுத்தலாம். ஜோனில் யார் யாரைத் தடுப்பது என்ற குழப்பம் அந்தக் கணத்தில்தான் எழும்.

ஒவ்வோர் அக்டோபரிலும், இந்த வருஷம் மேன் கொஞ்சம் கூடுதலாக ஆடப்போகிறார்களாம் என்ற பேச்சு சிராக்யூஸில் கிளம்பும். 2009-ல் அது பேச்சோடு நிற்கவில்லை. லெமோய்னுக்கு எதிராகப் பெரும்பகுதி நேரம் போஹைம் மேன்-டு-மேன்தான் ஆடவைத்தார். உள்ளூர்ச் சின்னக் கல்லூரியின் கார்டுகள், அதாவது பந்தைக் கொண்டுபோகும் வீரர்கள், சிராக்யூஸின் ஆட்களைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள். 82 பாயின்ட் அப்படித்தான் வந்தது. ஜோனுக்குள் நின்று ஆடியிருந்தால் அந்த ஆட்டத்தைச் சிராக்யூஸ் தோற்றிருக்காது என்பதே என் கணிப்பு. ஆனால் ஜெயித்திருந்தால் கோச்சுக்கு எதுவும் தெரியவந்திருக்காது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் அன்று ஆட்டத்தைப் பணயம் வைத்தார். தெரிந்துகொண்டார். மேன்-டு-மேனைக் கட்டி ஓரமாக வைத்தார். ஆறடி ஏழு அங்குல வெஸ்லி ஜான்சனும், அதே உயர கிரிஸ் ஜோசஃபும், உள்ளே அரின்ஸே ஒனுவாக்குவும் ரிக் ஜாக்சனும் நின்ற அந்த ஜோனை அந்த வருஷம் அநேகமாக யாராலும் உடைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை சிராக்யூஸ் என்றால் ஜோன், ஜோன் என்றால் சிராக்யூஸ்.

எது உத்தி, எது பிடிவாதம் என்று பிரிப்பது கடினம்தான். ஆனால் இந்த முடிவுக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கும் இருந்தது. அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சிதான் அனுமதி. அந்த நேரத்தில் இரண்டு டிஃபென்ஸ் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் அரைகுறையாகும். ஒன்றை மட்டும் ஆண்டு முழுக்க அரைத்தால் அது தசைக்குள் இறங்கிவிடும். எதிரணிகள் நிலைமை தலைகீழ். ஆண்டு முழுக்க மேன்-டு-மேனைச் சந்தித்துப் பழகியவர்கள், சிராக்யூஸுக்காக ஒரே ஒரு நாள் ஜோன் உடைக்கும் பாடம் படித்துவிட்டு வருவார்கள். மார்ச் மாத நாக்-அவுட் போட்டியில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கிடைப்பது அந்த ஒரு நாள்தான். 2013-ல் வாஷிங்டனில் இதன் விளைவைப் பார்த்தார்கள். நாட்டின் மிகச் சிறந்த தாக்குதல் அணிகளில் ஒன்றான இண்டியானா 50 பாயின்ட்டில் முடங்கியது. அடுத்த ஆட்டத்தில் மார்க்கெட் பல்கலைக்கழகம் எடுத்தது மொத்தமே 39.

*

சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் 2025 வரை முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, லெமோய்ன் போன்ற சின்னக் கல்லூரியை அழைத்து, டிக்கெட் போட்டு, ஊரைக் கூட்டி ஆடும் கண்காட்சி ஆட்டம். மற்றொன்று ருசிகரமானது. முதல் டிவிஷன் அணிகள் இரண்டு கதவைச் சாத்திக்கொண்டு மோதும் ஸ்கிரிமேஜ். நீண்ட காலம் விதி இப்படி இருந்தது: ரசிகர் கூடாது, பத்திரிகை கூடாது, ஸ்கோரை வெளியில் சொல்லக்கூடாது. ரகசிய ஸ்கிரிமேஜ் என்றே அதற்குப் பெயர். பெயரில் மட்டும்தான் ரகசியம். ஞாயிறு காலையில் ஆடினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் யார் எத்தனை பாயின்ட்டில் ஜெயித்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். உதவி கோச் ஒருவர் நண்பரிடம் சொல்லியிருப்பார். வீரரின் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், கசிந்து வருவது ஸ்கோர் மட்டும்தான். அந்த ஆட்டத்தில் எதற்கு அர்த்தமில்லையோ அது மட்டும். கதவுக்குள் நடப்பது பெரும்பாலும் வழக்கமான 40 நிமிட ஆட்டமாகவே இருக்காது. கோச்சுகள் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள். பத்து நிமிடம் நீங்கள் ஜோன் ஆடுங்கள், எங்கள் பையன்கள் உடைத்துப் பழகட்டும். அடுத்த பத்து நிமிடம் நாங்கள் முழு மைதானத்துக்கும் பிரஸ் போடுகிறோம், உங்கள் புதுப் பையன்கள் பந்தைக் கொண்டுவரட்டும். அப்புறம் ஸ்கோர்போர்டை மாற்றி வைத்து, நான்கு நிமிடம் பாக்கி, ஐந்து பாயின்ட் பின்தங்கியிருக்கிறோம் என்று கற்பனை செய்துகொண்டு ஒரு சுற்று. முக்கியமான வீரர் பாதி நேரம் பெஞ்சில் இருப்பார். முதலாண்டு மாணவர் ஒருவர் தன் தகுதிக்கு மீறிய ஆளைத் தடுக்கும்படி வேண்டுமென்றே நிறுத்தப்படுவார். இத்தனையையும் கூட்டிக் கழித்து வருகிற எண்தான் வெளியே வந்து, 12 பாயின்ட்டில் ஜெயித்தோம் என்று ஊரெல்லாம் சுற்றுகிறது.

ரசிகர்களைப் பழித்துப் பயனில்லை. மார்ச்சில் அணி வெளியேறியதிலிருந்து ஏழெட்டு மாதம் ஒன்றுமில்லை. வந்தவர்கள், போனவர்கள் என்ற பட்டியலை மட்டும் மென்றுகொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்கிற முதல் கவளம் இது. வேறு அணிக்கு மாற விரும்பும் மாணவர் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய விதி போன பிறகு, ஒரே கோடையில் பாதி அணி மாறிவிடுகிறது. போன வருஷம் பார்த்ததை வைத்து இந்த வருஷத்தைச் சொல்ல முடிவதில்லை. ஆகவே அக்டோபர் ஆட்டத்துக்கு முன்பில்லாத கனம் வந்துவிட்டது.

அப்படிப் படிக்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது டிஃபென்ஸில்தான். தாக்குதலைப் படிப்பது ஓரளவு சுலபம். ஷாட் விழுகிறதா, பாஸ் போகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். டிஃபென்ஸின் வெற்றி என்பதோ நடக்காமல் போன ஒன்று. எதிரணி ஷாட்டைத் தவறவிட்டால், தடுத்ததால் தவறியதா, அவன் கை சரியில்லாததால் தவறியதா? சின்னக் கல்லூரி அணி 40 மூன்று பாயின்ட் வீசி எட்டு மட்டும் விழுந்தால் ஸ்கோர்போர்டில் நம் டிஃபென்ஸ் ஜொலிக்கும். அந்த 40-ல் பாதி ஷாட், பக்கத்தில் ஆளே இல்லாமல் வீசியவையாக இருக்கலாம். அதே இடைவெளி டிசம்பரில் நல்ல ஷூட்டர்களுக்குக் கிடைத்தால் கதை வேறு.

அக்டோபரில் அதிகம் ஏமாற்றுவது பிரஸ். தன் கூடைக்கருகே காத்திருக்காமல், எதிரணி பந்தை எடுத்ததும் அங்கேயே போய் மறிக்கும் முறை அது. நோலன் ரிச்சர்ட்சனின் ஆர்கன்சா அணி 1994-ல் சாம்பியன் ஆனதும், ஷாகா ஸ்மார்ட்டின் வி.சி.யு. 2011-ல் யாரும் எதிர்பாராமல் கடைசி நான்கு அணிகளில் ஒன்றானதும் இந்த வகை வேட்டையாடும் டிஃபென்ஸால்தான். இதைப் பந்து கையாளத் தெரியாத சின்னக் கல்லூரி கார்டுகள் மேல் பிரயோகித்தால் ஒரே பாதியில் பதினைந்து முறை பந்தைப் பறிக்கலாம். பார்க்க அமர்க்களமாக இருக்கும். முதல் டிவிஷனின் தேர்ந்த கார்டு இரண்டே பாஸில் அந்த வலையைத் தாண்டிவிட்டால், மறுமுனையில் மூன்று பேருக்கு இரண்டு பேர் என்று வளையம் திறந்து கிடக்கும். அக்டோபரில் பந்து பறித்த எண்ணிக்கையைக் கொண்டாடுவதைவிட, பிரஸ் உடைந்த அந்த நான்கைந்து தருணங்களில் திரும்பி ஓடி வந்தது யார் என்று பார்ப்பது பயனுள்ளது.

எத்தனை பாயின்ட் கொடுத்தோம் என்ற எண்ணும் இப்படித்தான். வேகமாக ஆடும் அணி 75 கொடுத்தும் நன்றாகத் தடுத்திருக்கலாம். ஆமை வேகத்தில் ஆடும் அணி 60 கொடுத்தும் மோசமாகத் தடுத்திருக்கலாம். எத்தனை முறை பந்து எதிரணி கைக்குப் போனது, அதற்கு எத்தனை பாயின்ட் என்றுதான் கணக்கிட வேண்டும். கென் பாமராய் போன்ற புள்ளிவிவரக்காரர்கள் இதை 100 வாய்ப்புகளுக்கு இத்தனை பாயின்ட் என்று மாற்றிப் போடத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. விவரமான ரசிகர் இன்று பேசுவது அந்த மொழியைத்தான்.

இந்த மொழி அதிகம் தேவைப்பட்ட அணி வர்ஜீனியா. டோனி பென்னட் அங்கே ஆடவைத்தது பேக்-லைன் எனும் டிஃபென்ஸ். அவருடைய அப்பா டிக் பென்னட் உருவாக்கியது. வளையத்திலிருந்து சுமார் 16 அடியில் ஒரு கற்பனைக் கோடு. பந்து வைத்திருப்பவனை நெருக்குபவர் ஒருவரைத் தவிர மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்குள் நெருங்கி நிற்பார்கள். உள்ளே நுழைய வழியில்லை. வெளியே இருந்து வேண்டுமானால் வீசிக்கொள். அதோடு தாக்குதலிலும் அவசரமே படாத அணி அது. வர்ஜீனியா ஆட்டத்தைப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்று மற்ற அணி ரசிகர்கள் கிண்டலடிப்பார்கள். வர்ஜீனியாக்காரர்களோ, எதிரணி 30 நொடி முழுக்கத் திணறிவிட்டுக் கடைசியில் எதையாவது வீசுவதைப் பார்த்துக் கைதட்டப் பழகியவர்கள். ஒரு பாணி இப்படித்தான் ரசிகர்களின் ரசனையையே மாற்றிவிடுகிறது.

2018 மார்ச்சில் அந்தப் பாணி உடைந்த விதத்தை இன்றும் பேசுகிறார்கள். சீசன் முழுக்க ஓர் ஆட்டத்துக்கு 54 பாயின்ட்டை ஒட்டியே விட்டுக்கொடுத்த வர்ஜீனியா, யு.எம்.பி.சி. எனும் அதிகம் கேள்விப்படாத கல்லூரிக்கு எதிராக இடைவேளையில் 21-21 என்று நின்றது. இரண்டாம் பாதியில் மட்டும் 53 கொடுத்து 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் முதல்நிலை அணி ஒன்று பதினாறாம்நிலை அணியிடம் தோற்றது அதுவே முதல் முறை. எந்த இடைவெளியையும் நீண்ட கையால் அடைக்கும் டி'ஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார். அடுத்த வருஷம் ஹன்டர் திரும்பினார். அதே பேக்-லைன், அதே கோச், டெக்சஸ் டெக்கை ஓவர்டைமில் 85-77 என்று வென்று தேசிய சாம்பியன். முறை ஒன்றுதான். அதற்குள் நிற்கும் ஆள் மாறினால் முறையே வேறாகத் தெரிகிறது. அக்டோபரில் எந்த டிஃபென்ஸ் ஆடுகிறார்கள் என்று பார்ப்பதோடு, அதில் எந்த இடத்தில் எவர் நிற்கிறார் என்றும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

*

டிஃபென்ஸ் அணி ஒன்றைத் தாக்குதல் அணி என்று நினைத்த கதையும் உண்டு. 2022 அக்டோபர் 28, டெக்சஸின் ஃப்ரிஸ்கோ நகரில் டென்னஸியும் கன்ஸாகாவும் அறக்கொடைக்காக ஒரு கண்காட்சி ஆட்டம் ஆடின. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டினால் முதல் டிவிஷன் அணிகள் திறந்த அரங்கில் மோத அப்போது விலக்கு கொடுத்துவந்தார்கள். கன்ஸாகா அப்போது சீசன் முன் தரவரிசையில் இரண்டாமிடம். டென்னஸி 99-80 என்று ஜெயித்தது.

99. கோச் ரிக் பார்ன்ஸின் டென்னஸி அணி முரட்டு டிஃபென்ஸுக்குப் பேர் போனது. பாயின்ட் எடுக்க முக்குகிறது என்பதுதான் அதன் மேல் நிரந்தரப் புகார். அந்த அணி, வேகத்துக்குப் பேர் போன கன்ஸாகாவுக்கு எதிராக 99. டென்னஸி ரசிகர்கள் ஆரஞ்சு வானத்தில் பறந்ததில் ஆச்சரியமில்லை. (சிராக்யூஸ், டென்னஸி இரண்டுக்கும் நிறம் ஆரஞ்சு. தற்செயல்தான்.) பதினாறு நாள் கழித்து, நாஷ்வில்லில் கொலராடோ எதிரே வந்தது. இரண்டு நாள் முன்பு கிராம்ப்ளிங் ஸ்டேட்டிடம் தோற்றுவிட்டு வந்த அணி. டென்னஸி 66 எடுத்து 78 கொடுத்தது.

அப்போதும் ரசிகர்கள் மறுபக்கம் சாய்ந்தார்கள்: ஃப்ரிஸ்கோ வெறும் மாயை, இந்த அணி ஒன்றுக்கும் ஆகாது. அந்த மாத இறுதியிலேயே பஹாமாஸில் நடப்புச் சாம்பியன் கான்சஸை அதே டென்னஸி 50 பாயின்ட்டில் அடக்கி 64-50 என்று வென்றது. அந்த சீசன் முழுக்க நாட்டின் மிக இறுக்கமான டிஃபென்ஸ்களில் ஒன்று அவர்களுடையது. கடைசியில் மார்ச்சில், ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிடம் 62-55 என்று வெளியேறினார்கள். 62 கொடுத்ததில் குற்றமில்லை. 55-ல்தான் குற்றம். ஃப்ரிஸ்கோவில் ரசிகர்கள் கண்ட 99-ஐ விட, கண்டும் காணாமல் விட்ட ஒன்று உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது: கன்ஸாகா போன்ற அணியை அந்த வேகத்திலும் 80-ல் நிறுத்தியது. அதைப் பற்றி மறுநாள் பேசியவர்கள் குறைவு. அடித்ததைப் பேசுகிற அளவுக்கு யாரும் தடுத்ததைப் பேசுவதில்லை.

அதே வகை அறக்கொடை ஆட்டம் ஒன்று 2017 அக்டோபரில் கான்சஸுக்கும் மிசூரிக்கும் நடந்தது. பகையால் வருஷக்கணக்கில் ஒருவரோடொருவர் ஆடாமல் இருந்தவர்கள், புயல் நிவாரணத்துக்காகக் கூடினார்கள். கான்சஸ் 93-87. தோற்ற மிசூரி ரசிகர்களும் மகிழ்ச்சியாகவே வீடு திரும்பினார்கள், மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் எனும் முதலாண்டு மாணவரை நேரில் பார்த்துவிட்டதால். சீசனின் முதல் ஆட்டத்தில் இரண்டே நிமிடம் ஆடிய போர்ட்டருக்கு முதுகில் காயம். அறுவை சிகிச்சை. சீசன் கிட்டத்தட்ட முடியும்போதுதான் மீண்டும் களம் கண்டார். எப்படிப் படித்தாலும் இதைப் படித்திருக்க முடியாது.

*

சிராக்யூஸ் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. லெமோய்ன் இரவில் பிறந்த ஜோன்-மட்டும் கொள்கை பத்துப் பன்னிரண்டு வருஷம் தாங்கியது. 2013-லும் 2016-லும் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் சிராக்யூஸ் இருந்தது. ஆனால் அதற்குள் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது. 2019-ல் கல்லூரி ஆட்டத்தின் மூன்று பாயின்ட் கோடு சர்வதேச அளவுக்குப் பின்னே தள்ளப்பட்டது. காக்க வேண்டிய பரப்பு கூடியது. ஐந்து பேரும் தூரத்திலிருந்து வீசத் தெரிந்தவர்களாக நிற்கும் அணிகள் சிறிய கல்லூரிகளிலும் வந்துவிட்டன. நல்ல ஷூட்டர்களுக்கு ஜோன் ஒரு அழைப்பிதழ். சிராக்யூஸிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது கோல்கேட் கல்லூரி. அந்த அணியை 54 ஆட்டம் தொடர்ந்து வென்றிருந்த சிராக்யூஸ், 2021 நவம்பரில் சொந்த டோமிலேயே 100-85 என்று தோற்றது. மறு வருஷமும் தோற்றது. 2021-22 சீசன் முடிந்தபோது 16 வெற்றி, 17 தோல்வி. நாற்பத்தாறு சீசனில் போஹைமுக்குத் தோல்வி கூடிய முதல் கணக்கு அது.

ஒரு காலத்தில் பெருமையாக இருந்த ஜோன் மெல்ல மெல்ல ரசிகர்களின் புலம்பலாக மாறியது. மேன்-டு-மேன் ஆடுங்களேன் என்று கேட்டவர்களில், லெமோய்னுக்கு எதிராக மேன்-டு-மேன் ஆடியதற்காகத் திட்டியவர்களும் இருந்திருப்பார்கள். 2023 மார்ச்சில், வேக் ஃபாரஸ்ட்டிடம் 77-74 என்று தோற்ற அன்றே போஹைமின் 47 ஆண்டுக் காலம் முடிந்தது. பதவிக்கு வந்த ஏட்ரியன் ஆட்ரி அவரிடமே ஆடியவர், அவரிடமே உதவி கோச்சாக இருந்தவர். வந்ததும் மேன்-டு-மேனுக்கு மாறினார். அந்த அக்டோபரில் டோமுக்குப் பயிற்சி ஆட்டம் பார்க்கப் போனவர்கள் ஸ்கோரைப் பார்க்கப் போகவில்லை. ஒரு தலைமுறையாகப் பார்க்காத ஒன்றைப் பார்க்கப் போனார்கள்: ஆரஞ்சு ஜெர்ஸிக்காரர் ஒருவர் தன் ஆளை விடாமல் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துரத்துவதை. முதல் சீசன் 20-12. இரண்டாம் சீசன் 14-19. டிஃபென்ஸை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்றிருந்தவர்களுக்கு அந்த இரண்டாவது எண் கசந்தது. லெமோய்ன் இதற்குள் முதல் டிவிஷனுக்கே உயர்ந்துவிட்டது.

2025-ல் விதியும் மாறியது. அறக்கொடை, விலக்கு என்ற சாக்கு எதுவும் இல்லாமல் முதல் டிவிஷன் அணிகள் சீசனுக்கு முன் திறந்த அரங்கில் மோதலாம். டிக்கெட் விற்கலாம், ஒளிபரப்பலாம். அதுவரை கதவுக்குப் பின்னால் கசிந்துகொண்டிருந்தது நேரடியாக வரவேற்பறைக்கு வந்தது. அக்டோபர் 24 அன்று கென்டக்கியின் ரப் அரினாவில், சீசன் முன் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பர்டியூவை கென்டக்கி 78-65 என்று வென்றது. பேஸ்கட்பாலை மதமாகவே வைத்திருக்கும் மாநிலம் அது. நாட்டின் நம்பர் ஒன் அணியை 65-ல் அடக்கிய டிஃபென்ஸ் என்று பேசுவதற்குக் கேட்க வேண்டுமா? ஆறு நாள் கழித்து அதே அரங்கில், அதே கென்டக்கி, ஜார்ஜ்டவுனிடம் 84-70 என்று தோற்றது. இரண்டுமே கணக்கில் வராத ஆட்டங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதில் ரசிகர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. எதைப் பிடித்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பரில் நியூயார்க்கில் மிச்சிகன் ஸ்டேட் கென்டக்கி மேல் 83 எடுத்தது. டிசம்பர் 5 நாஷ்வில்லில், காயங்களும் சேர்ந்துகொள்ள, கன்ஸாகாவிடம் 94-59 என்று தோற்றது. அந்த இரண்டும் கணக்கில் வந்தன.